செங்கல் தடம்

அத்தியாயம் 9

பூட்டு என்கிற துப்பறிவாளரின் மௌனத்தில் நான்கு வகை உண்டு என்பது அவர் மச்சான் ரேடியோவின் கணக்கு. பசி வந்தால் ஒரு மௌனம். கோபம் வந்தால் ஒன்று. எதிரே இருப்பவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மௌனம். நான்காவதுதான் பொல்லாதது. எதிரே இருப்பவர் உண்மையைச் சொல்லும்போது வருவது. அது வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது.

இப்போது ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தவரின் மௌனம் இந்த நாலில் எதிலும் அடங்கவில்லை.

"மாமா, அது என்ன பச்சைக் குழந்தையா? வாங்கின கையோட வெச்சுக்கிட்டே நிக்கிறீங்க. ஒண்ணு கொஞ்சுங்க, இல்லாட்டி கீழ விடுங்க."

பூட்டு கொஞ்சவும் இல்லை, கீழே விடவும் இல்லை.

அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. துப்பறிகிற தொழிலுக்கு வாய் நீளம் ஆகாது என்பதை அவர் அளவுக்கு நம்பியவர் வேறு யாரும் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கடவுள் அவர் மனைவிக்கு ஒரு தம்பியைக் கொடுத்திருந்தார். தம்பிக்கு ரேடியோ என்ற பெயர் ஏன் வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பூட்டின் கையில் இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. பழுப்பு நிறம், லேசான வளைவு. உள்பக்கம் வழவழவென்று இருந்தது. விரல் கணுவால் தட்டினால் பீங்கான்போல் ஒலித்தது. அது அவ்வளவு கெட்டியாக இருந்ததுதான் தப்பு. அந்தக் கெட்டிக்காகத்தான் ஒரு மனிதர் லாக்கப்பில் இருந்தார்.

சங்கதி இதுதான். தெருக்களுக்கு அடியில் ஓடும் பழைய சாக்கடைக் குழாய்கள் வெடித்துப்போனால், ரோட்டைத் தோண்டாமல் சரிசெய்ய ஒரு வழி உண்டு. பசையில் ஊறவைத்த நீளமான துணிக்குழாய் ஒன்றை மேன்ஹோல் வழியாக இறக்கி, சாக்ஸைப் புரட்டுவதுபோல் புரட்டிக்கொண்டே பழைய குழாய்க்குள் தள்ளுவார்கள். பிறகு அதற்குள் கொதிக்கும் தண்ணீரை விட்டு வேகவைப்பார்கள். வெந்தால் பசை கல்லாகும். பழைய குழாயின் வயிற்றுக்குள் ஒரு புதுக் குழாய் பிறந்துவிடும். அதற்குப் பெரிய பெயர் லைனர். இறக்குகிறவர்கள் சொல்வது சாக்ஸ்.

இந்த ஊரின் சாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தவர் ஓர் இன்ஜினியர். "இது அம்பது வருஷம் தாங்கும்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். கடைசியில் அவர் பெயரே அம்பது வருஷம் என்று ஆகிவிட்டது. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவரும் இல்லை. சாக்ஸ் வெந்ததும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி இந்த ஆய்வுக்கூடத்துக்கு வரும். சில வருஷம் கழித்து அதே சாக்ஸிலிருந்து இன்னொரு துண்டு. அப்புறம் இன்னொன்று. இங்கே வளைத்துப் பார்ப்பார்கள், எடை ஏற்றி மாதக்கணக்கில் விட்டுவைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். தேய்மானம் இல்லை, தளர்ச்சி இல்லை.

போன வாரம் ஒரு காலை வேளையில் பெரிய ரோடு வாயைப் பிளந்து ஒரு பார்சல் வேனை விழுங்கியது. ஓட்டி வந்தவரை மறுநாள்தான் வெளியே எடுக்க முடிந்தது. குழிக்குள் கிடந்த சாக்ஸ் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. குத்தினால் விரல் உள்ளே போயிற்று. அதே ரோட்டின் துண்டு மட்டும் ஆய்வுக்கூடத்து அலமாரியில் பாறைபோல் உட்கார்ந்திருந்தது.

போலீசுக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது. குழாய் சொத்தை, துண்டு கெட்டி. அப்படியானால் துண்டு அந்தக் குழாயில் வெட்டியது இல்லை. தன் ஐம்பது வருஷப் பேச்சைக் காப்பாற்ற இன்ஜினியர் எங்கேயோ நல்ல துண்டுகளாகச் செய்து அனுப்பியிருக்கிறார். ஓர் உயிர் போயிருக்கிறது. பிடி, உள்ளே போடு.

இன்ஜினியரின் மனைவி கணக்கு டீச்சர். பூட்டின் அறைக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "அவர் பொய்த் துண்டு செய்யிற ஆள் இல்லீங்க. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. அவர் வெளியே வந்துடுவார். நாளன்னைக்கு ஜாமீன் மனு வருது" என்றார்.

அந்த நாளன்னைக்கு இப்போது நாளைக்கு ஆகிவிட்டது. கையில் இருந்தது இந்தத் துண்டு ஒன்றுதான்.

"அம்மா" என்றார் பூட்டு.

ஆய்வுக்கூடத்து அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். இந்த மனிதருக்குப் பேச்சு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"முகத்துக்குப் போடுற பவுடர் இருக்குமா?"

"கேட்டுட்டாரய்யா!" என்றான் ரேடியோ. "கல்யாணத்தன்னைக்கே பவுடர் போடாத மனுஷன். அக்கா காதுல விழுந்தா சந்தேகப்படும்."

அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பூட்டு துண்டைத் திருப்பி, அதன் சொரசொரப்பான வெளிப்பக்கத்தில் பவுடரைத் தூவி, விரலால் தேய்த்து, வாயால் ஊதினார். பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியது. ஒரு நீளக் கோடு. அதற்கு மேல் செங்குத்தாக ஒரு குட்டைக் கோடு. கீழே, சற்றுத் தள்ளி, இன்னொரு குட்டைக் கோடு.

"என்ன மாப்ள இது?"

ரேடியோ தலையைச் சாய்த்துப் பார்த்தான். "சுவர் மாதிரி இருக்கு. செங்கல் அடுக்கினா நடுவுல கோடு வருமே, அது."

"சாக்ஸ் எதை ஒட்டி வேகுதோ, அதோட தடம் வெளிப்பக்கம் விழும். நேத்து அந்தக் குழியில என்ன பைப்பு பார்த்தோம்?"

"சிமெண்ட் பைப்பு. உருண்டையா, வழவழன்னு. அங்க செங்கல்லுக்கு என்ன வே..." ரேடியோவுக்கு வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளை வந்து சேர்ந்தது. "மாமா! இது அந்தப் பைப்புல வெந்ததே இல்ல! எவனோ செங்கல் கட்டின இடத்துல தனியா வேகவெச்சு எடுத்துட்டு வந்திருக்கான்!"

"துண்டை இங்க கொண்டுவந்து கொடுக்கிறது யாரும்மா?"

"சாக்ஸ் இறக்குற மேஸ்திரிதான் சார். இன்ஜினியர் சார் இந்தப் படியே ஏறினது கிடையாது." அம்மாளுக்கு முகம் வெளிறியிருந்தது. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னுதானே நாங்களும் பார்க்கிறோம். கொடுத்த சோறு வெந்திருக்கான்னு சொல்லுவோம். அதை எந்தப் பானையிலேர்ந்து எடுத்தாங்கன்னு நாங்க எங்க போய்ப் பார்க்கிறது?"

ரேடியோ அதற்குள் தாழ்வாரத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நல்ல செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டிருப்பது அவனுக்குச் சுடுசோற்றை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

"டீச்சர், ஆளு மாட்டிக்கிச்சு. மேஸ்திரிதான். துண்டு போலி. உங்க வீட்டுக்காரர் கைக்கே அது வரல. இதைவிட என்ன வேணும்?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை. "கொஞ்சம் இருங்க. உக்காந்துக்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம், "நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வந்துடலாமா?"

"தாராளமா. கதவைத் திறந்து வெச்சுட்டு வாங்க."

அவன் திரும்பி வந்தபோது மேசை முழுக்கத் துண்டுகள் பரப்பியிருந்தன. பூட்டு அலமாரியைக் காலி செய்துவிட்டார். வேறு வேறு தெருக்களில், வேறு வேறு வருஷங்களில் வெட்டி வந்தவை. எல்லாவற்றுக்கும் பவுடர் பூசியாகிவிட்டது. எல்லாவற்றிலும் செங்கல் கோடுகள்.

"அடேங்கப்பா! மேஸ்திரி தொழிற்சாலையே வெச்சு நடத்தியிருக்கான். எல்லாம் ஒரே அச்சு!"

"ஒரே அச்சா?" என்றார் பூட்டு.

ரேடியோ குனிந்து பார்த்தான். ஒன்றில் செங்கல்லின் மூலை உடைந்திருந்தது. ஒன்றில் பூச்சு தடியாக இருந்தது. இன்னொன்றில் கோடே கோணலாகப் போயிற்று. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

"அச்சைப் பல இடத்துல வெச்சிருப்பான்" என்றான். தனக்கே அது அவ்வளவு ருசிக்கவில்லை. பூட்டு பவுடர் டப்பாவை மூடி அம்மாளிடம் கொடுத்தார்.

வண்டியைப் பூட்டு ஓட்டினார். ரேடியோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். இத்தனை நாள் கண்ணில் படாத மேன்ஹோல் மூடிகள் இப்போது ஒவ்வொன்றாக எழுந்து வணக்கம் சொல்வதுபோல் இருந்தன. மருந்துக்கடை வாசலில் ஒன்று. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு நேரே ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் சக்கரம் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம்.

"மேஸ்திரி ஓடிப்போயிருந்தா என்ன பண்றது மாமா?"

"ஓடமாட்டார்."

"எப்படிச் சொல்றீங்க?"

பூட்டு வண்டியை ஒரு மூடியின்மேல் ஏற்றாமல் ஒடித்துத் திருப்பினார். அது பதில் இல்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும்.

டிப்போவில் மேஸ்திரி ஓடுகிற நிலையில் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம்மின்மேல், டிரம்மே தேவலை என்னும்படி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் லாரி. கூரைக்குக் கீழே மடித்து அடுக்கிய துணிக்குழாய்கள். நிழலில் ஏழெட்டு ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நரை விழுந்தவர்கள்.

ரேடியோ நேராக வளாகத்தின் கோடிக்குப் போனான். வெற்றிக் கூச்சல் கேட்டது. "மாமா, இங்க வாங்க! செங்கல் கட்டடம்! மூலையில, மறைவா, ஜன்னலே இல்லாம!"

"அது கக்கூஸ் தம்பி" என்றார் மேஸ்திரி. "அவசரம்னா போயிட்டு வாங்க."

ஆட்கள் சிரித்தார்கள். பூட்டு சிரிக்கவில்லை. அவர் அந்த நரைத்த தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ரொம்ப நாளா இதே வேலையிலயா?"

"ஆரம்பத்துலேர்ந்து நாங்கதான். வேற ஊர்ல இந்த வேலைக்குப் போனவன் எத்தனை பேரு நரை பார்த்தான்னு கேளுங்க. எங்க ஆளுங்க அத்தனை பேரும் பேரன் பேத்தியைப் பார்த்தாச்சு. எல்லாம் இன்ஜினியர் அய்யா புண்ணியம்." மேஸ்திரி இரண்டு கையையும் எடுத்து ஆகாயத்தைக் கும்பிட்டார். "அந்த மனுஷனைப் போய் உள்ள வெச்சிருக்கானுங்க. விளங்குவானுங்களா?"

"அவர் என்ன பண்ணினார்?"

"முன்னாடியெல்லாம் பைப்புக்குள்ள தவழ்ந்து போவோம். ஒரு தடவை என் தங்கச்சி வீட்டுக்காரர் போனாரு. காத்து கெட்டுக் கிடந்திருக்கு. கயித்தை இழுத்தோம், கயிறு மட்டும் வந்துச்சு." அவர் நிறுத்தி, வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு அய்யா எங்க முன்னாடி நின்னு சொன்னாரு. இனிமே எதுக்காகவும் ஒருத்தனும் பைப்புக்குள்ள போகக்கூடாது, நான் இருக்கிறவரைக்கும் இதுதான் சட்டம்னு. இன்னைக்கு வரைக்கும் யாரும் போனதில்ல."

ரேடியோ கக்கூஸ் வாசலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். பூட்டின் முகத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"யாரும் உள்ள போறதில்லன்னா, துண்டை யார் வெட்டுறது?" என்றார் பூட்டு.

"நான்தான்."

"எங்கேர்ந்து?"

"இதென்ன கேள்வி? மேன்ஹோலுக்குள்ள ஏணியில நின்னபடி, பைப்பு வாசல்லேர்ந்து. வாங்க காட்டுறேன். மறைக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?"

டிப்போவுக்குப் பின்சந்தில் ஒரு மூடியைக் கடப்பாறையால் நெம்பினார்கள். உடனே யாரையும் கிட்டே விடவில்லை. காற்று மாறட்டும் என்று எல்லாரும் தள்ளி நின்றார்கள். அப்புறம் ஓர் ஆள் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கழற்றி வந்து, வெயிலைப் பிடித்து, குழிக்குள் அடித்தான்.

வட்டமாக வெளிச்சம் இறங்கியது. நாலு பக்கமும் செங்கல் சுவர். அடியில் செங்கல் பாவிய வாய்க்கால். குழாயின் வாயிலிருந்து சாக்ஸின் நுனி நாக்குபோல் வெளியே நீண்டு, அந்தச் செங்கல் வாய்க்கால்மேல் படிந்து, படிந்த இடத்திலேயே வெந்து கல்லாகியிருந்தது. அந்த நாக்கில் சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்ட தழும்புகள். முதலில் வெட்டிய துண்டின் இடம். அதற்குப் பக்கத்தில் சில வருஷம் கழித்து வெட்டியது. அதற்குப் பக்கத்தில் அதற்கடுத்தது.

"எல்லாத் தெருவுலயும் இப்படித்தானா?" ரேடியோவின் குரல் அவன் குரலாகவே இல்லை.

"எல்லாத் தெருவுலயும் மேன்ஹோல் செங்கல்தானே தம்பி."

போலி இல்லை. அச்சு இல்லை. யாரும் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு துண்டும் நேர்மையாக, அந்தந்த சாக்ஸிலிருந்தே, அந்தந்தத் தெருவிலேயே வெட்டியது. ரேடியோவுக்கு அந்தப் போன் பேச்சு ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து வெச்சுட்டு வாங்க. நாக்கைப் பிடுங்கிக் குழிக்குள் போட்டு மூடியை மூடிவிடலாம் என்று தோன்றியது.

"சுடுதண்ணி எந்தப் பக்கம் விடுவீங்க?" என்று கேட்டார் பூட்டு.

"இந்த வாசல் வழியாத்தான்."

"அப்போ வாசல் நல்லா வேகும்."

"கல்லு மாதிரி வேகும்."

"நடுவுல?"

"நடுவுலயும் அதே தண்ணிதானே. அதே துணி, அதே பசை." மேஸ்திரி சட்டென்று நிறுத்தினார். "ஆனா அங்க பழைய பைப்பு வெடிச்சிருக்குமே. வெளியேர்ந்து ஊத்துத் தண்ணி உள்ள பீச்சிக்கிட்டு இருக்கும். ஐஸு மாதிரி பச்சைத் தண்ணி. அது சாக்ஸ் முதுகுல பட்டுக்கிட்டே இருந்தா..."

கண்ணாடி பிடித்திருந்தவனின் கை இறங்கி, வெளிச்சம் குழியை விட்டு ஓடி எதிர்ச் சுவரில் போய் ஆடியது.

"கிளறாத பானை" என்றார் பூட்டு. "ஓரத்துச் சோத்தை மட்டுமே பதம் பார்த்திருக்கோம்."

"அப்போ நான் கொடுத்த துண்டு..."

"நல்ல துண்டுதான் மேஸ்திரி. வெந்த இடத்துத் துண்டு."

பிறகு வந்தது நான்காவது மௌனம். ரேடியோ அதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறான். ஒரு சந்தில் ஏழெட்டு ஆட்களும் அதற்குள் சேர்ந்து நிற்பதை அன்றுதான் பார்த்தான். மேஸ்திரி மூடியை இழுத்துப் போட்டார். மூடியின்மேலேயே உட்காரப் போனவர், என்ன நினைத்தாரோ, எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

சாயங்காலம், கைதிகளைப் பார்க்கும் அறையில் டீச்சர் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். தலையை வழித்துச் சீவி, பளிச்சென்று இருந்தார். ரேடியோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவன் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தான்.

இன்ஜினியரைக் கூட்டி வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். பெல்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றபடி ஆபீஸ் கூட்டத்துக்கு வந்தவர்போல் நிமிர்ந்தே இருந்தார்.

"மேஸ்திரியாம்ங்க" என்றார் டீச்சர். "நம்ம மேஸ்திரி. நம்பவே முடியலை. நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கான்."

"மேஸ்திரி இல்லம்மா" என்றார் பூட்டு.

அதன் பிறகு அவர் பேசியதுதான் அந்த வழக்கிலேயே அவர் பேசிய நீளமான பேச்சு. செங்கல், வாசல், சுடுதண்ணீர், ஊற்றுத் தண்ணீர். பாதியிலேயே இன்ஜினியர் கையை உயர்த்தி நிறுத்தினார். மிச்சத்தை அவரே சொன்னார்.

"பாதி வெந்த பசை காலம் போகப் போக இளகும். வெளியே மண்ணோட பாரம், உள்ளே சாக்கடை. வருஷத்துக்கு வருஷம் தொய்யும். வாசல் மட்டும் அப்படியே இருக்கும்." மேசையின் விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். "நான் சொன்னது தப்பில்ல. அம்பது வருஷம் தாங்கும். வாசல் மட்டும்."

டீச்சருக்கு முதலில் புரிந்தது வேறு. "அப்போ இவர் மேல தப்பே இல்லையே? போலி இல்ல, திருட்டு இல்ல. நாளைக்கு இதைச் சொன்னா விட்டுடுவாங்கதானே?"

"விட்டுடுவாங்க" என்றார் பூட்டு.

"அப்புறம் ஏன் எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?"

இன்ஜினியர் மனைவியைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தார். "இதைச் சொல்லாதீங்க. உங்களைப் பூட்டுன்னுதானே சொல்றாங்க. பூட்டிக்குங்க."

"என்ன பேசுறீங்க நீங்க?" என்றார் டீச்சர்.

"துண்டையெல்லாம் நான்தான் தனியா செஞ்சேன், மேஸ்திரிக்கே தெரியாம மாத்தி வெச்சேன்னு சொல்லிடறேன். பொய்க்காரன் போட்ட சாக்ஸுன்னா பயந்துபோய்த் தோண்டுவாங்க. நல்லவன் போட்டதை எவன் தோண்டுவான்? தெரியாம நடந்த தப்புன்னா கமிட்டி போடுவாங்க. நானே எத்தனை கமிட்டியில உக்காந்திருக்கேன். நாற்காலி தேயும், ரோட்டுல கை வைக்கமாட்டோம்."

"பேப்பர்ல சொல்லலாமே சார்" என்றான் ரேடியோ சுவரைப் பார்த்தபடியே. "ஊரே கத்துமே."

"ஒரு வாரம் கத்தும் தம்பி. அப்புறம் வேற எதுக்காவது கத்தப் போயிடும்."

டீச்சரின் குரல் உடைந்தது. "என்னை நினைச்சுப் பார்த்தீங்களா? பொய்யன் பொண்டாட்டின்னு சொல்லுவாங்க. நாளைக்கு நான் கிளாஸ்ல நிக்கணும். இந்தத் தெருவுல நான் நடக்கணும்."

"நடக்கிறதுக்குத் தெரு இருக்கணும்ல?"

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு கடுமையாக விழுந்தது. அறைக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். ரேடியோ ஒரு வார்த்தைக்காகத் தனக்குள் தேடினான். சாவு வீட்டில்கூட அவனுக்கு ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். இங்கே ஒன்றும் அகப்படவில்லை.

டீச்சர் பூட்டின் பக்கம் திரும்பினார். வகுப்பில் பதில் கேட்கும் குரல்.

"இவர் சொல்றபடியே சொன்னா தோண்டுவாங்களா?"

"கொஞ்சம் தோண்டுவாங்க."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு மூணு தெரு. ஆஸ்பத்திரி இருக்கிற ரோடு. பெரிய மனுஷங்க இருக்கிற ரோடு. மிச்சத்துக்குக் கை வராது."

"உண்மையைச் சொன்னா?"

பூட்டு இல்லையென்று தலையை அசைத்தார்.

"நிச்சயமாத் தெரியுமா? ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

காவலர் கதவைத் தட்டி, நேரம் முடிந்தது என்றார். டீச்சர் மேசையில் கையூன்றி எழுந்தார். கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். அவசரமே இல்லாமல், ஒரு கொக்கி சிக்கியிருந்ததை விடுவித்தார். கணவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ராத்திரியில உள்ள குளிருதா?"

"கொஞ்சம்."

"போர்வை கொண்டுவரேன்" என்றார். "தடிமனா இருக்கிறதை."